ரகசியத்தைக் காப்பதா? உயிரைக் காப்பதா?

ஆஸ்பத்திரியில் ஓர் அறை. கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே இரண்டே பேர். ஒருவர் மனநல நிபுணர். எதிரே ஒரு வாலிபன்.

ஊருக்குப் போயிருக்கும் ஒரு பெண் திரும்பி வந்ததும், அவளைக் கொல்லப்போவதாக அந்த வாலிபன் சொல்கிறான்.

"இந்த அறையில் பேசுவது வெளியே போகாது" என்ற நம்பிக்கையில்தான் அவன் வாயைத் திறந்தான். இப்போது அந்த நிபுணர் என்ன செய்யவேண்டும்? வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டுமா? அல்லது, அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லவேண்டுமா?

இது கதை அல்ல, நடந்தது. 1969-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ந்தேதி அமெரிக்காவில் நடந்தது. அந்த வாலிபன் யார் தெரியுமா? நம் நாட்டுக்காரன்!

வங்காளத்து மாணவன்

அவன் பெயர் புரசென்ஜித் போத்தார். வங்காளத்தைச் சேர்ந்தவன். கப்பல் கட்டும் கலையைப் படிப்பதற்காக 1967-ல் அமெரிக்கா போனான். கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்ற ஊரில் பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் சேர்ந்தான். வெளிநாட்டு மாணவர்கள் தங்கும் விடுதியில் இருந்தான்.

அந்த விடுதியில் நாட்டுப்புற நடனம் சொல்லிக்கொடுப்பார்கள். நடனம் ஆட வந்த இடத்தில் தத்தியானா தாராசாப் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தான். வாரந்தோறும் பார்த்துக்கொண்டார்கள். பேசினார்கள். சிரித்தார்கள்.

புத்தாண்டு பிறக்கும் இரவில் அவள் அவனுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். அந்த நாட்டில் புத்தாண்டு இரவில் முத்தம் கொடுப்பது சர்வ சாதாரணம். நம் ஊரில் கைகுலுக்குவது மாதிரி. ஆனால், போத்தார் நம் நாட்டுக் கண்ணால் பார்த்தான். "இவள் என்னைக் காதலிக்கிறாள்" என்று முடிவு கட்டிவிட்டான்.

அவளோ, "எனக்கு அப்படி எண்ணம் இல்லை" என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

அவன் உடைந்துபோனான். படிப்பை விட்டான். ஒழுங்காக உடை உடுத்துவதை விட்டான். தனியே உட்கார்ந்து அழுதான். 1969 கோடைகாலத்தில் அந்தப் பெண் பிரேசில் நாட்டுக்குப் போய்விட்டாள். ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு, போத்தார் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே அவனுக்குச் சிகிச்சை செய்தவர் லாரன்ஸ் மூர் என்ற நிபுணர்.

போலீசுக்குக் கடிதம்

மூர் சும்மா இருந்துவிடவில்லை. பல்கலைக்கழகப் போலீசாரிடம் விஷயத்தைச் சொன்னார். "இவனைப் பிடித்து ஆஸ்பத்திரியில் வைத்துப் பரிசோதிக்கவேண்டும்" என்று கடிதமும் எழுதினார்.

போலீசார் போத்தாரைப் பிடித்தார்கள், விசாரித்தார்கள். அவன் நிதானமாகப் பதில் சொன்னான். "அந்தப் பெண்ணிடம் போகமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தான். விட்டுவிட்டார்கள்!

அதன் பிறகு நடந்ததுதான் வயிற்றைக் கலக்குகிறது. ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர், மூர் எழுதிய கடிதத்தைப் போலீசாரிடம் இருந்து திரும்ப வாங்கினார். கடிதத்தின் நகல்களையும் சிகிச்சைக் குறிப்புகளையும் அழித்துவிடச் சொன்னார். போத்தார்மீது மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

போத்தார் அதன் பிறகு சிகிச்சைக்கு வரவில்லை. தத்தியானாவின் அண்ணன் தம்பிகளில் ஒருவரோடு சிநேகம் பிடித்து, அவர் அறையிலேயே குடியேறினான். அது அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் கொல்லப்போவதாகச் சொன்னதை அந்தக் குடும்பத்தாருக்கு யாரும் சொல்லவில்லை. பெற்றோருக்கும் தெரியாது. பிரேசிலில் இருந்து திரும்பிய பெண்ணுக்கும் தெரியாது.

அக்டோபர் 27-ந்தேதி போத்தார் அவள் வீட்டுக்குப் போனான். அவளைக் கொன்றான். பிறகு அவனே போலீசுக்குப் போன் செய்தான்.

கோர்ட்டில்

கொலை வழக்கில் அவனுக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் 1974-ல், ஜூரிகளுக்குச் சட்டத்தைச் சரியாக விளக்கவில்லை என்ற காரணத்தால் அந்தத் தண்டனை ரத்து ஆயிற்று. மறுபடியும் விசாரணை நடத்தவில்லை. இந்தியாவுக்குத் திரும்பிவிடவேண்டும் என்ற நிபந்தனையோடு அவனை விட்டுவிட்டார்கள்.

பெண்ணைப் பறிகொடுத்த பெற்றோர் விடவில்லை. "போலீசுக்குச் சொன்னவர்கள் எங்களுக்கு ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் மகளை நாங்கள் காப்பாற்றியிருப்போமே!" — இதுதான் அவர்கள் போட்ட வழக்கின் சாரம். பல்கலைக்கழகத்தின்மீதும், சிகிச்சை செய்தவர்கள்மீதும், போலீசார்மீதும் வழக்கு.

கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1974-ல் ஒரு தீர்ப்பு சொன்னது. "ஆபத்தில் இருப்பவரை எச்சரிக்கவேண்டும்" என்றது. மனநல டாக்டர்கள் கொதித்து எழுந்தார்கள். "எங்கள் தொழிலே போய்விடும்" என்றார்கள். வழக்கை மறுபடியும் விசாரித்து, 1976-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி இரண்டாவது தீர்ப்பு வந்தது. இந்தத் தடவை, "எச்சரிக்கவேண்டும்" என்பது "காப்பாற்றத் தேவையானதைச் செய்யவேண்டும்" என்று மாறியது. பெண்ணிடம் சொல்லலாம். போலீசிடம் சொல்லலாம். வேறு வழி இருந்தால் அதையும் செய்யலாம். செய்யாமல் இருக்கக்கூடாது. போலீசாரை வழக்கில் இருந்து விடுவித்துவிட்டார்கள்.

தீர்ப்பை எழுதிய நீதிபதியின் பெயர் மாத்யூ டோப்ரினர். பொதுமக்களுக்கு ஆபத்து எங்கே தொடங்குகிறதோ, அங்கே ரகசியத்துக்குப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது என்பது அவர் கருத்து. கிளார்க் என்ற நீதிபதி ஒப்புக்கொள்ளவில்லை. ரகசியம் வெளியே போகும் என்று தெரிந்தால், மனநோயாளிகள் டாக்டரிடம் வரவே மாட்டார்கள். சிகிச்சை இல்லாமல் இன்னும் அதிகமான கொலைகள் நடக்கும் என்றார்.

யார் சொன்னது சரி? டோப்ரினர் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ஆனால் கிளார்க் சொன்னதையும் தள்ளிவிட முடியவில்லை. போலீசார் பிடித்த பிறகு போத்தார் சிகிச்சைக்கு வராமல் நின்றுவிட்டானே! பாதி வழியில் ரகசியத்தை உடைத்தார்கள். மீதி வழியில் மூடி வைத்தார்கள். இரண்டு பலனும் கிடைக்கவில்லை.

பெற்றோர் போட்ட வழக்கு, முழு விசாரணைக்கு முன்பே சமாதானத்தில் முடிந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு அமெரிக்கா முழுவதும் பரவியது. சில மாநிலங்களில் "சொல்லியே ஆகவேண்டும்" என்று சட்டம். சில மாநிலங்களில் "சொல்லலாம்" என்று மட்டும் சட்டம். டெக்சாஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1999-ல், "எச்சரிக்கும் கடமை எங்கள் மாநிலத்தில் கிடையாது" என்று சொல்லிவிட்டது.

வீட்டுக்குள் வரும் தெரபிஸ்டு

"இதெல்லாம் பெரிய ஊர் விவகாரம், நமக்கு என்ன?" என்று கேட்காதீர்கள். பேச்சு வராத குழந்தை, ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கும் வீடுகளுக்கு இப்போது "பிகேவியர் தெரபிஸ்டு" வருகிறார்கள். குழந்தையின் நடத்தையைக் கவனித்து, அதைச் சீர்படுத்துகிறவர்கள். ஸ்கின்னர் என்ற அமெரிக்க அறிஞரின் ஆராய்ச்சியில் இருந்து வளர்ந்த முறை இது.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

ஒரு சிறுவன் தரையில் தலையை முட்டிக்கொள்கிறான். அம்மா பதறுகிறாள். "ஏன் முட்டுகிறான்?" என்று தெரபிஸ்டு யோசிப்பார். முட்டுவதற்கு முன்னால் என்ன நடந்தது? அம்மா டெலிவிஷனை நிறுத்தினாள். முட்டிய பிறகு என்ன நடந்தது? பயந்துபோய், அம்மா மறுபடியும் டெலிவிஷனைப் போட்டாள். தலையை முட்டினால் டெலிவிஷன் வரும் என்று பையன் கற்றுக்கொண்டுவிட்டான்! முட்டாமல், படம் போட்ட அட்டையைக் காட்டிக் கேட்க அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முட்டுவது குறைகிறது.

இதைக் கண்டுபிடிக்க, தெரபிஸ்டு மணிக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கவேண்டும். பார்ப்பதை எல்லாம் நோட்டில் எழுதவேண்டும். எத்தனை மணிக்கு அழுதான்? எத்தனை தடவை அடித்தான்? அதற்கு முன்னால் யார் வந்தார்கள்? என்ன பேசினார்கள்?

அந்த நோட்டில் என்னென்ன ஏறிவிடும் என்று நினைத்துப்பாருங்கள். அப்பா எட்டு மணிக்குக் குடித்துவிட்டு வந்தார். பாட்டி கரண்டியால் அடித்தாள். கடன்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டார். ஒரு டாக்டர் நம் நாடியை மட்டும் பார்க்கிறார். இவர் நம் அடுப்பங்கரையையே பார்த்துவிடுகிறார்!

மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார்கள். "தம்பிக்குக் குறை இருக்கிறதாமே" என்ற ஒரு பேச்சு போதும், சம்பந்தம் நின்றுவிடும். நின்ற வீடுகள் எத்தனையோ. வேறு சிலர் வாடகைக்கு இருப்பார்கள். வீட்டுக்காரர் காதில் விழுந்தால் காலி செய்யச் சொல்வார். இதற்குப் பயந்தே பல தாய்மார்கள் குழந்தையை வெளியே கூட்டிக்கொண்டு போகாமல், சிகிச்சையும் செய்யாமல் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, தெரபிஸ்டு வாயைக் கட்டவேண்டும். "அந்தப் பையனுக்கு என்ன? நன்றாகத்தானே இருக்கிறான்?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டால், "அவனா? நான்தான் பார்க்கிறேன்" என்று சொல்வதுகூடத் தவறு. கடைத்தெருவில் அந்தத் தாயைப் பார்த்தால், அவள் முதலில் பேசும் வரை காத்திருக்கிற தெரபிஸ்டு நல்ல தெரபிஸ்டு. அவளோடு யார் யார் நிற்கிறார்களோ!

செல்போனில் வீடியோ எடுப்பது இன்னொரு தொல்லை. குழந்தையின் முகத்தை மறைத்துவிட்டோம் என்பார்கள். பள்ளிக்கூடச் சட்டை காட்டிக்கொடுக்கும். அம்மாவின் குரல் காட்டிக்கொடுக்கும்.

எப்போது வாயைத் திறக்கலாம்?

இந்தத் தொழிலுக்கு அமெரிக்காவில் ஒரு சர்டிபிகேட் போர்டு இருக்கிறது. 1998-ல் ஏற்பட்டது. அவர்களுடைய புதிய ஒழுக்க விதிகள் 2022-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி அமுலுக்கு வந்தன. ரகசியத்தை எப்போது வெளியிடலாம் என்று அதில் ஐந்து சந்தர்ப்பங்களைச் சொல்லியிருக்கிறார்கள்.

குடும்பத்தார் விஷயத்தைப் புரிந்துகொண்டு சம்மதம் கொடுத்தால் சொல்லலாம். ஒப்பந்தம் சம்பந்தமான தகராறைத் தீர்ப்பதற்குச் சொல்லலாம். இவை இரண்டிலும் பெரிய சிக்கல் இல்லை. குழந்தையையோ மற்றவர்களையோ தீங்கில் இருந்து காப்பதற்குச் சொல்லலாம். ஒருவருக்கு உடலிலோ மனத்திலோ பணத்திலோ சேதம் உண்டாக்கக்கூடிய குற்றத்தைத் தடுப்பதற்குச் சொல்லலாம். சட்டமோ கோர்ட்டோ உத்தரவு போட்டால் சொல்லவேண்டும்.

இன்னொரு விதியும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சொல்ல அனுமதி கிடைத்தாலும், எந்தக் காரியத்துக்காகச் சொல்கிறோமோ அதற்கு வேண்டியதை மட்டும் சொல்லவேண்டும். பையன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் என்ன செய்வது என்று பள்ளிக்கூட வாத்தியாருக்குத் தெரியவேண்டும். அவன் அப்பா குடிக்கிறார் என்பது வாத்தியாருக்கு எதற்கு?

நோட்டு சொன்ன சேதி

இனி, மிகவும் கஷ்டமான இடத்துக்கு வருவோம்.

ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுப் பெண் குழந்தை. பேச்சு வராது. கொஞ்ச நாளாகத் திடீர் திடீர் என்று அலறுகிறாள். உடை மாற்ற விடமாட்டேன் என்கிறாள். தெரபிஸ்டு வழக்கம்போல் எழுதிக்கொண்டு வருகிறார். மூன்று வாரம் ஆனதும் நோட்டைப் புரட்டிப் பார்க்கிறார். நெஞ்சு பகீர் என்கிறது. அலறிய நாட்கள் எல்லாம், ஓர் உறவினர் வந்துபோன நாட்கள்!

அலறுவது மட்டும் சாட்சி ஆகிவிடாது. பல் வலியாகவும் இருக்கலாம். தெரபிஸ்டு தாயைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்கிறார். தாயின் முகம் மாறுகிறது. தானே ஒரு நாள் பார்த்ததைச் சொல்லிவிட்டு அழுகிறாள்.

"அம்மா! உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அவரை இனிமேல் வீட்டுக்குள் விடமாட்டோம். குடும்ப மானம் போய்விடும். இந்தக் குழந்தையின் வாழ்வே போய்விடும்."

தெரபிஸ்டு என்ன செய்யவேண்டும்?

நம் நாட்டுச் சட்டம் இதற்குச் சந்தேகம் இல்லாமல் பதில் சொல்கிறது. 2012-ல் வந்த "போக்சோ" சட்டம், 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பாலியல் கொடுமையில் இருந்து காக்கும் சட்டம். அதன் 19-வது பிரிவின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் யாராக இருந்தாலும், நடக்கப்போகிறது என்று அஞ்சுபவர் யாராக இருந்தாலும், போலீசுக்குத் தெரிவிக்கவேண்டும். டாக்டர், வாத்தியார், தெரபிஸ்டு, பக்கத்து வீட்டுக்காரர் என்ற வேற்றுமை கிடையாது. தெரிவிக்காவிட்டால் 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

"நான் சொல்லி, அது பொய்யாகிவிட்டால்?" என்று பயப்படவேண்டாம். நல்ல எண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது வழக்குப் போட முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. குற்றத்தை நிரூபிப்பது போலீசின் வேலை. தகவல் கொடுப்பவரின் வேலை அல்ல.

குடும்ப மானத்தைப் பற்றியும் அந்தச் சட்டம் நினைத்துப் பார்த்திருக்கிறது. குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளிக்கூடம், குடும்பம் எதையும் பத்திரிகைகள் வெளியிடக்கூடாது. ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லும் சட்டம், இன்னொருவர் வாயை மூடச் சொல்கிறது. இதை அந்தத் தாய்க்கு விளக்கிச் சொல்லவேண்டும். போலீசுக்குப் போவதற்கு முன்பே, "நான் தெரிவிக்கப்போகிறேன்" என்று தாயிடம் சொல்வதும், அவளோடு துணையாகப் போவதும் நல்லது. குழந்தைக்கு அதனால் ஆபத்து வரும் என்று தோன்றினால் மட்டும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது. 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், குழந்தைகளுக்கு உதவி செய்கிறவர்கள் பேசுவார்கள்.

மனநோயாளிகளின் ரகசியத்துக்கு 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் பாதுகாப்பு கொடுக்கிறது. அதிலும் விலக்குகள் உண்டு. உயிருக்கு ஆபத்து, பொதுமக்களின் பாதுகாப்பு, கோர்ட்டு உத்தரவு போன்றவை. மற்றவருக்கு வரும் தீங்கைத் தடுப்பதற்காகச் சொல்லும்போது, அதற்குத் தேவையான அளவுதான் சொல்லலாம் என்று அங்கேயும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்லும் ரகசியத்துக்கு நம் சாட்சியச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. டாக்டருக்கு அப்படி இல்லை. கோர்ட்டு கேட்டால் டாக்டர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சென்னையில் நடந்தது

ரகசியம் பற்றிய ஒரு பெரிய வழக்கு நம் சென்னையில் முளைத்தது. நாகாலாந்தில் அரசாங்க டாக்டராக இருந்த ஒருவர், நோயாளி ஒருவருக்குத் துணையாகச் சென்னைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தார். அந்த ரத்தத்தைப் பரிசோதித்தபோது, எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது.

அவருக்கு 1995 டிசம்பர் 12-ந்தேதி கல்யாணம் என்று நிச்சயம் ஆகியிருந்தது. விஷயம் வெளியே தெரிந்து கல்யாணம் நின்றது. "என் ரகசியத்தை ஆஸ்பத்திரி வெளியே விட்டுவிட்டது" என்று நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1998 செப்டம்பர் மாதம் தீர்ப்பு வந்தது. ஆஸ்பத்திரிமீது குற்றம் இல்லை; மணமகளின் உயிரும் உயிர்தானே என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால், அந்த மனிதர் பக்கமும் பாருங்கள். ஊர் முழுவதும் தெரிந்துவிட்டதால், இருந்த ஊரை விட்டே அவர் போகவேண்டியதாயிற்று. மணமகளிடம் மட்டும் சொல்வது வேறு. ஊரெல்லாம் தெரிவது வேறு. 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டம் இதை ஒழுங்குபடுத்தியிருக்கிறது. "நீயே சொல்லிவிடு" என்று டாக்டர் முதலில் அவருக்கு யோசனை சொல்லவேண்டும். சொல்லமாட்டார் என்று தெரிந்தால், "நான் சொல்லப்போகிறேன்" என்று அவருக்குத் தெரிவித்துவிட்டு, துணைவரிடம் நேரில் சொல்லலாம்.

முதல் நாளே கேளுங்கள்

குழந்தையைத் தெரபிக்குச் சேர்க்கும் முதல் நாளே தெரபிஸ்டிடம் கேட்டுவிடுங்கள். "எங்கள் விஷயத்தை யார் யாரிடம் சொல்வீர்கள்? எதை எல்லாம் சொல்லாமல் இருக்க உங்களால் முடியாது?" நல்ல தெரபிஸ்டு கோபப்படமாட்டார். தாமாகவே சொல்வார். "எதையும் யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்கிறவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். நிறைவேற்ற முடியாத சத்தியம் அது.

நோட்டு எங்கே இருக்கும், பூட்டு உண்டா, சிகிச்சை முடிந்த பிறகு அதை என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள்.

பாரத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். படிக்கத் தெரியாவிட்டால், படித்துக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படவேண்டாம். சில பாரங்களில், "குழந்தையின் போட்டோ, வீடியோவை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்" என்று நடுவில் ஒரு வரி ஒளிந்திருக்கும். சிகிச்சைக்கு அது தேவை இல்லை. பிடிக்காவிட்டால் அந்த ஒரு வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டு, பாரத்தைத் திருப்பிக் கொடுங்கள்.